விளிம்பில் ஓடுகிறவன்

கால்பந்தில் 'விங்கர்' என்பவன் கோட்டோரம் ஓடுகிறவன். நடுக்களம் நெரிசலாகும்போது ஆட்டத்துக்கு இடம் உண்டாக்குவது அவன் வேலை. விளிம்பு என்ற சொல்லை நாம் தாராளமாகப் புழங்குகிறோம். அந்த விளிம்பில் ஓடியே பிழைத்த ஒருவரைப் போடியில் இருந்துகொண்டு யோசிக்கிறேன்.

மைக்கேல் சூசைராஜ் 1994இல் குமரி மாவட்டத்து மீனவ ஊரான இரவிபுத்தன்துறையில் பிறந்தவர். சென்னை சிட்டிக்காக ஐ-லீக் ஆடினார். 2018இல் ஜாம்ஷெட்பூருக்கும் 2019இல் கல்கத்தாவின் ஏடிகே அணிக்கும் போனார். 2019 ஜூனில் தாய்லாந்தில் குராசோவுக்கு எதிராக இந்திய அணியில் இறங்கினார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் ஆளில்லாத கோவா அரங்கில், ஏடிகே கோப்பையை வென்றது. எட்டு மாதம் கழித்து, நவம்பர் 20. மோகன் பகானோடு இணைந்த அதே கிளப்பின் முதல் லீக் ஆட்டம். முதல் பாதியிலேயே அவருக்கு முழங்கால் போச்சு. அந்தப் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். பிறகு ஒடிசா அணிக்குப் போனார்.

இதைத் திறமையின் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். எனக்கு நிலம்தான் கண்ணில் படுகிறது. மீனவ ஊரின் மணல் ஊர்ப்பொது. வலை காய்கிற இடத்தில் பந்தும் ஓடும். அனுமதி கேட்க ஆளில்லை.

எங்க பக்கம் அப்படியா? விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, இருட்டுகிற நேரத்துக்கு இறங்குகிற சனம். அதில் பெரும்பாலும் பெண்கள். படிப்பு நின்ற பையனுக்கும் அதே ஜீப்புதான். சரிவில் சமதளமே அபூர்வம். கிடைக்கிற கொஞ்சமும் ஏலக்காய் ஸ்டோருக்குப் போய்விடுகிறது.

மலைக்கு அந்தப் பக்கம், மூணாறில், மைதானம் உண்டு. ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனியின் பெயரிலான கேடயத்துக்காகத் தேயிலை எஸ்டேட் அணிகள் பல பத்தாண்டுகளாக மோதி வருகின்றன. ஆடுகிறவன் தொழிலாளி. ஜெயித்தால் கேடயம் எஸ்டேட்டுக்கு; மறுநாள் அவன் மலைவேலைக்கு. அங்கே கம்பெனி கொடுத்த பொழுதுபோக்காக இருந்த பந்து, கடற்கரைப் பையனுக்குத் தொழிலானது.

தொழிலான பின்பு அவனும் உடம்பை விற்கிறவன்தான். அவனுக்காவது ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் உண்டு. ஏலச்சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்த தினக்கூலிப் பெண்ணுக்கு மறுநாள் கூலி கிடையாது.

'மலையிலிருந்தும் ஒரு சூசைராஜ் வேண்டும்' என்று பேசுகிற தோழர்கள் பயிற்சி முகாம் கேட்கிறார்கள். கேட்கட்டும். அதற்கு முன்னால் கேட்க இரண்டு இருக்கு: ஊர்ப்பொதுவாக அரை ஏக்கர் சமதளம்; வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேருகிற மாதிரி ஒரு வேலைநாள்.