ஒரு பெயர், இரு மதிப்பு: இந்திய, இலங்கை ரூபாய்களின் மாற்று விகித வரலாறு

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட தமிழ்ப் படைப்புகளில் கூலியும் கடனும் சேமிப்பும் 'ரூபாய்' என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் வழங்கிய சொல் அது. ஆனால் அச்சொல்லின் பின்னிருந்த மதிப்பு எல்லாக் காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. 1966ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாளுக்கு முற்பட்ட ரூபாயும் பிற்பட்ட ரூபாயும் வெவ்வேறானவை. இவ்வேறுபாடு தோட்டத் தமிழரின் உடைமையை எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சமமாக இருந்த காலம்

1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒருசீராக்கப்பட்ட இந்திய வெள்ளி ரூபாய், 1869இல் இலங்கையில் வரம்பின்றிச் செல்லுபடியாகும் நாணயமாக ஏற்கப்பட்டது. 1872 முதல் இலங்கை அரசின் கணக்குகள் பவுனை விட்டு ரூபாய்க்கு மாறின. அப்போதே இலங்கை ரூபாய் 100 சதமாகப் பகுக்கப்பட்டது. இந்தியாவில் 16 அணாக் கணக்கு 1957 வரை நீடித்தது. 'சதம்' என்னும் சொல் இலங்கைத் தமிழில் வேரூன்றியதும், 'அணா' தமிழகத்தில் நிலைத்ததும் இதனாலேயே. சில்லறையின் பெயர் வேறுபட்டதேயன்றி முழு ரூபாயின் மதிப்பு வேறுபடவில்லை.

விடுதலைக்குப் பின்னரும் இந்நிலை தொடர்ந்தது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தபோது இந்தியாவும் இலங்கையும் அதே அளவில் குறைத்துக்கொண்டன. பாகிஸ்தான் அவ்வாறு செய்யவில்லை. 1950 ஆகஸ்டு 28இல் இலங்கை மத்திய வங்கி செயற்படத் தொடங்கியது. இலங்கை ரூபாய் சட்டப்படி தனித்த நாணயமாயிற்று; எனினும் அதற்கு விதிக்கப்பட்ட பொன் மதிப்பு இந்திய ரூபாயின் மதிப்பேயாகும். இரண்டும் டாலருக்கு 4.76 என்ற விகிதத்தில் நின்றன.

ஒப்பந்தமும் பிளவும்

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாத்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அவ்வொப்பந்தம் வகுத்தது. அம்மக்களின் கருத்து கேட்கப்படாமலே இவ்வெண்கள் பங்கிடப்பட்டன என்பது வரலாற்றாசிரியர் பலர் சுட்டும் குறை. பரவலாகப் பேசப்படாத கூறு ஒன்று அதிலேயே உள்ளது. தாயகம் திரும்புவோர் சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளை எடுத்துச் செல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உச்சத் தொகை 4,000 ரூபாய்க்குக் கீழ்க் குறைக்கப்படலாகாது என்றும் ஒப்பந்தம் கூறியது. எந்நாட்டு ரூபாய் என்ற வினாவுக்கு அன்று பொருளில்லை, இரண்டும் சமம்.

இருபது மாதங்களுக்குள் அவ்வினா உயிர்பெற்றது. 1966 சூன் 6இல் இந்தியா தன் நாணயத்தை டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆக மதிப்பிறக்கம் செய்தது. இலங்கை உடன் செல்லவில்லை. 100 இலங்கை ரூபாய்க்கு 157.50 இந்திய ரூபாய் என்றாயிற்று. 4,000 ரூபாயின் மதிப்பு 6,300ஆக உயர்ந்தது. ஆனால் ஒப்பந்தத்தைச் செயற்படுத்தும் இலங்கைச் சட்டமோ 1967இல்தான் இயற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் பவுனைத் தொடர்ந்து இலங்கையும் 20 விழுக்காடு மதிப்பிறக்கம் செய்து டாலருக்கு 5.95 என நிறுத்தியது. 6,300 என்பது 5,040ஆகச் சுருங்கியது. உயர்ந்த மதிப்பு நிலைத்த காலம் பதினேழு மாதமே. பெருந்தொகையினர் கப்பலேறுமுன் அது கடந்துவிட்டது.

1968 மே மாதத்தில் இலங்கை இரட்டை மாற்று விகிதத்தைக் கொணர்ந்தது. அரிசி, மாவு போன்ற இன்றியமையாப் பொருள்களின் இறக்குமதி பழைய விகிதத்திலும், ஏனையவற்றிற் பெரும்பாலானவை 44 விழுக்காடு கூடுதல் செலுத்திப் பெறும் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் வழியாகவும் நடைபெற்றன. இக்கூடுதல் 1969இல் 55ஆகவும் 1972இல் 65ஆகவும் உயர்ந்தது. இதன் விளைவு வியப்புக்குரியது. 1968இல் அதிகாரமுறை விகிதப்படி 100 இலங்கை ரூபாய் 126 இந்திய ரூபாய்க்குச் சமம். சான்றிதழ் விகிதப்படியோ ஏறத்தாழ 87 ரூபாய்தான். ஒரே நாளில் ஒரே நாணயம் இந்திய ரூபாயைவிட உயர்ந்ததாகவும் தாழ்ந்ததாகவும் இருந்தது. அதிகாரமுறை விகிதத்தை மட்டும் பட்டியலிட்டு, 1977 வரை இலங்கை ரூபாயே வலுவாக இருந்தது எனக் கூறும் போக்கு ஏற்கத்தக்கதன்று.

1977 நவம்பரில் செயவர்த்தன அரசு இரு விகிதங்களையும் ஒன்றாக்கி, டாலருக்கு ஏறத்தாழ 16 ரூபாய் என்ற அளவில் நாணயத்தை மிதக்கவிட்டது. அப்போது இந்தியாவில் டாலர் 9 ரூபாய்க்கும் குறைவு. 4,000 இலங்கை ரூபாய் இந்தியாவில் 2,200 ரூபாய் அளவிற்கு வந்துவிட்டது.

தொழிலாளரின் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாதந்தோறும் சேர்ந்த பணம். அதன் தொடக்க ஆண்டுகளின் ஒவ்வொரு ரூபாயும் இந்திய ரூபாய்க்குச் சமமாக இருந்தபோது பிடிக்கப்பட்டது. கைக்கு வந்ததோ புறப்படும் நாளின் மதிப்பில். குடியுரிமை விண்ணப்பமும் பயண ஆவணமும் எத்துணைக் காலம் தாழ்ந்தனவோ அத்துணை அச்சேமிப்பு மாற்று விகிதத்தின் கைப்பட்டது. மண்டபம் முகாமுக்கு 1969இல் வந்த குடும்பத்தையும் 1979இல் வந்த குடும்பத்தையும் 'தாயகம் திரும்பியோர்' என ஒரே தலைப்பில் அடக்கும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. அவ்வாழ்வு பற்றிய புனைவுகளில் வரும் தொகைகளுக்கும் இது பொருந்தும். கதை நிகழும் ஆண்டை அறியாமல் அதில் வரும் ஆயிரம் ரூபாயைச் சிறுதொகை என்றோ பெருந்தொகை என்றோ துணிய இயலாது.

தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் 1984இல் நின்றபோது 100 இலங்கை ரூபாய்க்கு 50 இந்திய ரூபாயும் கிட்டவில்லை.