பதினெட்டு வயதில் முடிந்துபோகும் வீடு

குழந்தைகளுக்கென இந்தியாவிலேயே முதலில் தனிச்சட்டம் கண்டது சென்னை மாகாணம். ஆண்டு 1920. நூறாண்டு கடந்தும் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது: இல்லத்தில் வளர்ந்த பிள்ளை வெளியே வந்தபின் எங்கே போவது?

1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் ஆணுக்கு 16 வயது, பெண்ணுக்கு 18 வயதோடு குழந்தைப் பருவம் முடிந்தது. 2000இல் இருவருக்கும் 18 ஆனது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 18 வயது முடிந்து வெளியேறுவோருக்குப் பொருளுதவி 'வழங்கப்படலாம்' என்கிறது. 'வழங்கப்பட வேண்டும்' என்று சொல்லவில்லை. விதிகளின்படி பிற்காப்பு 21 வயது வரை, விதிவிலக்காக 23 வரை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். அதாவது, வெளியேறுவது கட்டாயம். உதவுவது அரசின் விருப்பம்.

இதில் சாதி எங்கே வருகிறது? சான்றிதழில் வருகிறது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் சேர்ந்த ஆதரவற்ற பிள்ளைகளைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. சாதியே தெரியாத பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சேரியில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரின் ஆவணம் கிடைக்காவிட்டால், பட்டியல் சாதிக்கான இடமும் உதவித்தொகையும் கைநழுவுகின்றன. அப்பா அம்மாவை இழந்தவள், அவர்கள் வழிவந்த உரிமையையும் இழக்கிறாள்.

சமூகப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை இல்லத்தில் சேரும் நாளிலேயே அந்த ஆவணங்களைத் தேடத் தொடங்குங்கள். பதினெட்டாம் பிறந்தநாளில் தேடினால் காலம் கடந்திருக்கும். அரசுக்கு ஒரே கோரிக்கை: 'வழங்கப்படலாம்' என்பதை 'வழங்கப்பட வேண்டும்' என்று மாற்றுங்கள்.