வைரமும் கரியும்

வைரமும் பென்சிலில் உள்ள கிராபைட்டும் கரி என்னும் ஒரே தனிமத்தின் இரு வடிவங்கள். ஒன்று கண்ணாடியை அறுக்கிறது. மற்றொன்று காகிதத்தில் தேய்ந்து போகிறது. இவ்வேற்றுமையை ஆராய்ந்த வரலாற்றில், நம்மவர் பலர் குடியேறி வாழும் பெங்களூருக்கும் பங்குண்டு.

1931-ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன அறிஞர் லைனஸ் பாலிங், ஓர் அணுவின் எலக்ட்ரான் மண்டலங்கள் தம்முள் கலந்து புதிய திசைகளில் பிணைப்புகளை உண்டாக்குகின்றன என்று விளக்கினார். இதனை நாம் இனக்கலப்பு என்கிறோம். அதனைக் கணிக்கப் பெரும்பாலும் ஓர் எளிய வழி போதும். அணுவோடு பிணைந்த அணுக்களையும், அதன்மீது பிணையாது நிற்கும் எலக்ட்ரான் இரட்டைகளையும் கூட்டி எண்ணுதல் வேண்டும். தொகை நான்காயின் எஸ்.பி.3, மூன்றாயின் எஸ்.பி.2, இரண்டாயின் எஸ்.பி. வைரத்தில் ஒவ்வொரு கரி அணுவும் நான்கு அணுக்களை 109.5 பாகைக் கோணத்தில் பற்றி நிற்கிறது. கிராபைட்டிலோ மூன்றை மட்டும் 120 பாகையில் பற்றித் தகடாகப் படிகிறது.

தாளில் எண்ணுவது எளிது; கையிலுள்ள கல்லில் எண்ணுவது எங்ஙனம்? ஒளியே அதற்கு வழி காட்டிற்று. திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. இராமன், அணுக்களின் அதிர்வு சிதறிய ஒளியின் நிறத்தில் பதிவதை 1928-இல் கல்கத்தாவில் கண்டார். 1930-இல் சி. இராமஸ்வாமி இம்முறையால் வைரத்தைச் சோதித்து, 1332 என்னும் அலையெண் பெயர்ச்சியில் கூர்மையான ஒரு கோட்டைக் கண்டார். 1933-இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராகப் பெங்களூருக்கு வந்த இராமன், வைரங்களைத் திரட்டிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 1948-இல் தம் பெயரால் அங்கே ஓர் ஆராய்ச்சிக் கழகமும் நிறுவினார்.

வைரங்களிடையே காணும் வேறுபாடுகள் அவற்றின் அணுவமைப்பிலேயே உள்ளவை என்று அவர் வாதிட்டார். 1959-இல் கைசர், பாண்டு என்னும் இருவர், நைட்ரஜன் கலந்திருப்பதே முக்கிய காரணம் என்று காட்டினர். இராமனின் கருத்து நிலைபெறவில்லை, ஒளிக்கோடோ நிலைத்தது. அவர் மறைந்த 1970-ஆம் ஆண்டிலேயே, கிராபைட்டின் கோடு 1580-ஐ ஒட்டி விழுவதை டுயின்ஸ்ட்ரா, கோனிக் என்போர் விளக்கினர். இன்று ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரப் படலத்தில் கிராபைட் கலந்துள்ளதா என்பதை, படலத்தை உடைக்காமலே இவ்வொளியால் அறிகின்றனர்.

பள்ளியில் இனக்கலப்பைக் கணிக்கும் நம் பிள்ளைகள் விதியை மனனம் செய்வதோடு நில்லாதிருக்கட்டும். அதனை எந்தக் கல்லில், எந்த ஒளியால் சோதித்தனர் என்றும் கேட்கட்டும். பேரறிஞர் சொல்லையும் சோதனைக்கு உட்படுத்துவதே விஞ்ஞானம் நமக்குத் தரும் பாடமாகும்.