திருமெழுக்கும் கோலமும்

சிவமயம்

சிவாலயத்துத் தொண்டுகளுள் அலகிடுதலும் மெழுகிடுதலும் முதற்கண் வைத்து எண்ணப்படுவன. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்து எட்டாஞ் சூத்திரத்தில், தாத மார்க்கமாகிய சரியையை விரித்துரைக்குமிடத்து, திருக்கோயில் நிலத்தை அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்தல், மாலை தொடுத்தல், இறைவனைப் புகழ்ந்து பாடுதல், திருவிளக்கிடுதல், நந்தவனம் வைத்தல், திருவேடங் கண்டுழிப் பணிந்து ஏவல் கேட்டல் என்று முறையே கூறிச் செல்கின்றார். இவ்வடைவில் கோலமிடுதல் என்னும் பெயர் காணப்படவில்லை. ஆயினும், மெழுகிய நிலத்தைக் கோலமிடாது வெறிதே விடுதல் தமிழ்நாட்டு வழக்கன்று. பெயர் சொல்லப்படாத இத்தொண்டு சரியையுள் அடங்குமோ, அன்றி வெறும் அலங்காரமாய் ஒழியுமோ என்பது ஆராயத்தக்கது. செட்டிநாட்டு ஊர்களின் தெருக்களையும் வளவுகளையும் கண்டார்க்கு இவ்வினா இயல்பாகவே எழும்.

கோலம் என்னுஞ் சொல்லுக்குப் பழைய நூல்களில் அழகு, வடிவு, ஒப்பனை என்பனவே பெருவழக்கான பொருள்கள். திருக்கோலம், மணக்கோலம், ஊர்த்துவ தாண்டவக் கோலம் என்றாற்போல இன்றும் வழங்குகின்றோம். தரையில் மாவினால் எழுதும் வரைவுக்கு அதுவே பெயராயிற்று. நிலத்துக்குச் செய்யும் ஒப்பனை என்பது கருத்து. பெயர் பிற்பட்டு வழங்கினமையாற் செயலும் பிற்பட்டதென்று துணிதல் பொருந்தாது. அகநானூற்றின் 86-ஆம் பாட்டு மணவினை கூறுங்கால், பந்தரிற் கொணர்ந்த மணல் பரப்பி மனைவிளக்கு ஏற்றியதைச் சொல்லுகின்றது. பாண்டி நாட்டு வில்லிபுத்தூரிற் பிறந்த ஆண்டாள், நாச்சியார் திருமொழித் தொடக்கத்தில், தைத் திங்களில் தரையைத் தூய்தாக்கி மண்டலமிட்டு, நுண்ணிய மணலினால் தெருவை அணிசெய்து நோற்றமை கூறுகின்றார். நோற்ற தெய்வம் வேறாயினும், தெருவிற் கோலமிடும் வழக்கத்தின் தொன்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இனி நம் சமயாசாரியர் திருவாக்கை நோக்குவோம். திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் இயற்றிய பணியைச் சேக்கிழார் சுவாமிகள் எத்துணை நுட்பமாகக் கூறுகின்றார் என்பது கருதத்தக்கது. பொழுது புலர்வதன் முன்னர் அலகிட்டனர் என்பதனோடு அமையாது, ஈன்றணிமை நீங்கிய பசுவின் சாணத்தாலே மெழுகினர் என்று சாணத்தின் இலக்கணமும் உடன் கூறினார். சூலை நோயால் வருந்தித் தம்பியார் நள்ளிரவில் வந்தடைந்தபோது, அம்மையார் திருநீறளித்து, திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் அலகும் மெழுக்கும் தோண்டியும் கைக்கொண்டு கோயிலுக்கு அழைத்துச் சென்றனர். ஆகவே பாடலிபுத்திரத்துச் சமண்பள்ளியினின்றும் மீண்ட மருணீக்கியார் முதன்முதற் கண்ட சிவத்தொண்டு தமக்கையாரின் வைகறைப் பணியே. பின்னாளில் அவரே திருவாரூர்த் திருத்தாண்டகத்தில் நெஞ்சை நோக்கி, நிலைபெற எண்ணினால் நாடோறும் கோயில் புகுந்து புலர்வதன் முன் அலகிட்டு மெழுகிடுக என்று பணிக்கின்றார். அலகிட்டார் பெறும் இன்பத்தினும் மெழுகிட்டார் பெறுவது பதின்மடங்கு என்று திருநேரிசையில் அளவிட்டும் காட்டினார். நீர் தெளித்தல், அலகிடுதல், சாணத்தால் மெழுகுதல் என்னும் இவ்வொழுங்கையே நம் பெண்மக்கள் இன்றுகாறும் வாயிலிற் கடைப்பிடிக்கின்றனர். கோலம் அவ்வொழுங்கின் முடிவாய் நிற்பது.

மெழுக்கின்பின் நிலத்தின்மேல் ஒன்றைத் தூவி அணிசெய்தற்குச் சைவத் திருமுறையில் ஆதாரம் உண்டோ எனின், உண்டு. தில்லையில் அருளப்பட்ட திருப்பொற்சுண்ணத்தில் மணிவாசகப் பெருமான், திருநீறணிந்து, நிலத்தை மெழுகி, தூய பொன்னைச் சிந்தி, நிதி பரப்பி, விளக்கு வைத்துக் கொடியெடுக்குமாறு மகளிரை ஏவுகின்றார். மெழுகுதல் முன்னும் சிந்துதல் பின்னுமாக வைத்த முறை நோக்கத்தக்கது. ஆங்குப் பொற்றுகள், ஈங்கு அரிசிமா. வறியார்க்குப் பொன் கிட்டாதாயினும் ஒரு பிடி அரிசி கிட்டாமற் போகாது. இறைவன் திருமுன் செய்யும் நில ஒப்பனை மெழுக்கினோடு ஒருங்கு எண்ணப்பட்டமையின், சித்தியாரில் மெழுக்கு என்றதனாலேயே கோலமும் தழுவப்பட்டதென்று கொள்வதே நேரிது. உபலக்கணமாய் ஒன்று கூறிப் பிறவற்றையும் கொள்ளவைத்தல் நூலாசிரியர்க்கு இயல்பு.

கிரியா பாதத்தினும் இதற்கு ஓர் உறவு உண்டு. தீக்கைக் காலத்தில் ஆசாரியர் வேதிகையின்மேல் பல நிறப் பொடிகளால் மண்டலம் எழுதுதலும், கண் மறைக்கப்பட்ட மாணாக்கன் மலரிடுதலும் சோமசம்பு சிவாசாரியர், அகோரசிவாசாரியர் முதலியோர் செய்த பத்ததிகளிற் கூறப்பட்டன. அகோரசிவரது கிரியாக்கிரமத்யோதிகை 12-ஆம் நூற்றாண்டினது. அம்மண்டலமும் வாயிற் கோலமும் ஒன்றென்று யாம் சொல்லவில்லை. அது மந்திரத்தோடு கூடிய ஆவாகன ஸ்தானம். இது மந்திரமில்லாத பணி. எனினும் சடங்கு முடிந்தபின் கலைந்து போவதற்கென்றே எழுதப்படுதல் இரண்டற்கும் பொது. சிலர் கோலத்துப் புள்ளியை உயிரென்றும், அதனைச் சுற்றி வளையும் கம்பியைப் பாசமென்றும், வேறு சிலர் புள்ளியை விந்துவென்றும் விரித்துப் பேசுவர். கேட்டற்கு இனிய கற்பனையே. சித்தாந்தத்துக்கு அது கட்டாயமன்று.

செட்டிநாடென வழங்கும் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய ஊர்கள் பெரும்பாலும் 1985-இல் அமைந்த சிவகங்கை மாவட்டத்துள் அடங்குவன. இந்நாட்டு நகரத்தார், இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது திருக்கோயில்களைத் தமக்குரியனவாகக் கொண்டு, பாடல்பெற்ற தலங்கள் பலவற்றிற்குத் திருப்பணி செய்தோர் என்பது சைவவுலகம் நன்கறிந்தது. அவர்தம் இல்லங்கள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நீளும் அவ்வில்லத்தில் தலைவாயிலினும் வளவினும் கோலம் இடம்பெறும். செம்மண் நிலமாதலின் வெண்மாவின் இழை ஆங்கு எடுப்பாய்த் தோன்றும். ஓரத்திற் காவி தீட்டினால் இன்னும் விளங்கும். வீதியில் சுவாமி எழுந்தருளும் நாளில் மனைதோறும் நீர் தெளித்துக் கோலமிடுவர். ஒவ்வொரு வாயிலுக்கும் ஒவ்வொன்றாகத் தொடங்கிய கோலங்கள் நெருங்கி நெருங்கித் தெரு முழுதும் இறைவனுக்கு விரித்த ஓர் ஆடையாய்விடும்.

இந்நாட்டுக்கே சிறப்பானது நடுவீட்டுக் கோலம். பொங்கல், பிள்ளையார் நோன்பு, திருமணம் ஆகிய மங்கல நாள்களில் இல்லத்தின் உள்ளே இடப்படும். பச்சரிசியை ஊறவைத்து மைய அரைத்து நீரிற் கரைத்துக்கொள்வர். சிறு துணித்துண்டை அதில் தோய்த்து உள்ளங்கையில் அடக்கி மெல்லப் பிழிய, மாநீர் விரல்வழி இறங்கி நிலத்தில் இழையாய் விழும். கைதேர்ந்த ஆச்சிமார் ஒருங்கே சில இழைகளை ஓடவிட்டு, நேர்கோடுகளும் மூலைகளும் பிசகாமல், கட்டங்கட்டமாகக் கட்டி எழுப்புவர். அளவுகோலில்லை, ஏட்டிலும் எழுதிவைக்கவில்லை. மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் கைவழியே வந்த கல்வி அது. ஈரத்தில் மங்கலாய்த் தோன்றுவது உலர உலர வெளுத்து வருமாதலின், இடும்போது கண்ணுக்குப் புலப்படாத பிழை பின்னர்த் தெரிந்துவிடும். ஆகவே பழகிய கையே வேண்டும்.

பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகைக்குப்பின் இருபத்தொரு நாட் கழித்து வருவது. அன்று இல்லத்தார் அனைவரும் கூடி, இருபத்தோரிழைத் திரியை இனிப்பு மாவில் வைத்துச் சுடரேற்றி, பெரியோர் கையினின்றும் வாங்கி உட்கொள்வர். இதனை இழையெடுத்தல் என்பர். கோலத்தில் விழுவதும் இழை, நோன்பில் எடுப்பதும் இழை. சொல்லொற்றுமை தற்செயலாயினும் ஆகுக. வீட்டில் இறப்பு நேர்ந்த நாள்களிலும் முன்னோர்க்குத் திதி கொடுக்கும் நாளிலும் வாயில் கோலமின்றி இருக்கும். அவ்வெறுமையைக் கண்ட அயலார் கேளாமலே செய்தி அறிவர்.

கோலத்தின் பொருளை ஆராயுங்கால் அரிசிமாவை மறத்தலாகாது. எறும்பும் சிறு புட்களும் உண்பதற்காகவே மாவினால் இடுகிறோம் என்று முதியோர் கூறுவது, இல்லறத்தானுக்கு விதித்த ஐவகை வேள்வியுள் பூதயக்ஞத்தைத் தழுவியது. எவ்வுயிர்க்கும் அன்பில்லாதார் தமக்கும் அன்பில்லாதாரே என்று அருணந்தி தேவர் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் வற்புறுத்திய அறம், ஒரு பிடி மாவில் நாடோறும் நிகழ்கின்றது. கோலத்தின் வரைவிலக்கணத்தை அறிஞர் வியந்து ஆராய்ந்ததுண்டு. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்டு சிரோன்மணி முதலியோர் 1974-இல் அதன் கணித அமைப்பை எழுதி வெளியிட்டபின் மேனாட்டாரும் கணிப்பொறி வல்லாரும் அதிற் கருத்துச் செலுத்தினர். வரைவைப் போற்றியது நன்றே. மாவையும் அங்ஙனம் போற்றுவார் வேண்டும். வெண்கற்பொடி மலிவாய்க் கிடைப்பதாலும் கையில் எளிதாய் ஓடுவதாலும் அரிசிமாவின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டது. கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது, எறும்புக்குத் தோன்றும்.

காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியில் செய்யப்படும் பூந்தரை ஓடுகளையும் இங்கே கூறுதல் வேண்டும். சட்டமிட்ட கண்ணாடிப் பலகையின்மேல் நிறங்கலந்த சிமெந்துக் குழம்பைக் கையால் வார்த்துப் பூவும் கொடியும் ஆக்கி, அதன்மேல் அவ்வூர் மணலும் சிமெந்துங் கலந்து இட்டு அழுத்தி, சில நாள் நீரில் ஊறவைத்து எடுப்பர். கண்ணாடி விலகும்போது அதன் வழவழப்பு ஓட்டின் முகத்தில் நின்றுவிடும். நடக்க நடக்க மெருகேறுமென்பர். சென்ற நூற்றாண்டின் முற்பகுதி தொட்டு வளவுகளையும் பட்டாலைகளையும் அணிசெய்து வரும் இத்தொழில் போற்றத்தக்கது. இதனை வெறுத்தல் எம் கருத்தன்று. ஆயினும் இவ்வோடு பாவிய வளவிலும், பொங்கல் வந்தால் அதன்மேலேயே நடுவீட்டுக் கோலம் இடுகின்றனர். தரை முழுதும் பூவாயிருக்க மீண்டும் மாவிழை எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. ஓடு வீட்டுக்கு அணி. கோலம் அன்றைய வழிபாடு. இவ்வேறுபாட்டை அவ்வாச்சிமார் நூல் கல்லாமலே அறிந்திருக்கின்றனர்.

திருக்கோயில்களில் இவ்வேறுபாடு மறக்கப்படுகின்றதோ என்பதே எம் கவலை. பல ஆலயங்களில் கருங்கற்றளத்தின்மேல் எண்ணெய் வர்ணத்தாற் கோலம் தீட்டிவிட்டனர். ஒருமுறை தீட்டினாற் பல்லாண்டு நிற்கும், நாடோறும் உழைக்க வேண்டா என்பது அதற்குக் கூறும் காரணம். உழைக்க வேண்டா என்பதுதான் குறையாகும். நேற்றிட்ட திருவிளக்கு இன்றைக்கு ஆகாது. நேற்றுச் சாத்திய மாலை இன்று நிர்மாலியம். சரியைத் தொண்டு ஒவ்வொன்றும் வைகறைதோறும் புதிதாய்ச் செய்யப்படுவதாலேயே தொண்டாயிற்று. தீட்டிய கோலம் காண்பவர்க்கு அழகு தரலாம். அதனாற் செய்பவர் ஒருவரும் இலராயினர். சரியை நெறியில் பயன் செய்பவர்க்கேயன்றோ? மேலும் அத்தொண்டு தீக்கை, கல்வி, பொருள் என்னும் இவற்றை எதிர்பாராது பெண்டிர் எவர்க்கும் எளிதாய் வாய்த்த ஒன்று. அவ்வாயிலை ஒரு குடுவை வர்ணத்தால் அடைத்தல் தகுமோ?

முன்னோர் மெழுக்கிடும் பணிக்கென்றே திருமெழுக்குப்புறம் என நிலம் விட்டமை கல்வெட்டுக்களால் தெரிகின்றது. ஆலய மேற்பார்வையுடைய நகரத்தார் பெருமக்களும் ஆதீனங்களும் அத்துணை செய்ய வேண்டுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு படி பச்சரிசி, திருவனந்தற் பூசைக்கு முன்னர் உள்ளே வர ஒரு நாழிகை இடம், தாமே வந்து பணிசெய்ய விரும்பும் மகளிர்க்குத் தடையின்மை: இம்மூன்றும் ஒன்பது கோயில்களிலும் நாடோறும் கிடைக்குமாறு ஒழுங்கு செய்வார்களாக. எண்ணெய் வர்ணத்தைச் சுரண்டி எடுக்கும் செலவு ஒருமுறைதான்.