ஹாஸ்டலா, டே ஸ்காலரா? சிதம்பரத்துக் கணக்கு

அமெரிக்க காலேஜ் படங்கள்ல 'சொராரிட்டி'ன்னு ஒண்ணு வரும், பார்த்திருப்பீங்க. மாணவிகள் சேர்ந்து நடத்துற சங்கம். பல இடங்கள்ல ஒரே வீட்டுல தங்கல், சாப்பாடு எல்லாம் உண்டு. சிராக்யூஸ்ல 1874-ல் நாலு மாணவிகள் ஆரம்பிச்ச காமா ஃபை பீட்டாவுக்காக உருவான வார்த்தை அது. சேர்றதுக்கு முன்னாடி பொண்ணுங்க கேக்குற முதல் கேள்வி, "நம்மால கட்டி மாளுமா?" நுழைவுக் கட்டணம், சந்தா, தங்குற செலவு, விழாவுக்குத் துணிமணின்னு அது நீளும்.

நம்ம ஊர்ல சொராரிட்டி கிடையாது. கேள்வி மட்டும் உண்டு.

கடலூர் ஓ.டி.யில இருக்குற சித்தி பொண்ணுக்கு சிதம்பரத்துல சீட் கிடைச்சதும் வீட்டுல இதே பேச்சுதான். போக வர 90 கி.மீ. பஸ்ஸா, ஹாஸ்டலா? எக்செல்ல போட்டுக் குடுன்னு என்கிட்ட வந்தா. போட்டுப் பாத்தப்பதான் இதுக்குள்ள நூறு வருஷ வரலாறு இருக்குன்னு தோணுச்சு.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-ல் சிதம்பரத்துல மீனாட்சி கல்லூரியை ஆரம்பிச்சார். 1929-ல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. அதுக்கு அவர் கொடுத்தது 20 லட்ச ரூபாய். தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகம்ங்கிறதுதான் அதோட அடையாளமே. கூடத் தங்குறவங்களும் பாடத்துல பாதி. ஆனா வள்ளலோட பணம் வளாகத்தைக் கட்டும். மாசாமாசம் வர்ற மெஸ் பில்லை அப்பாதான் கட்டணும்.

அந்த பில் எவ்வளவு வரும்னு முன்கூட்டி சொல்ல முடியாது. தமிழ்நாட்டு ஹாஸ்டல்கள்ல பிரபலமான 'டிவைடிங் சிஸ்டம்' அப்படி. மாசம் முழுக்க ஆன செலவை எல்லாரும் சாப்பிட்ட நாட்களால வகுத்து, உங்க நாட்களால பெருக்கணும். காய்கறி விலை ஏறினா பில்லும் ஏறும். டெபாசிட், அட்வான்ஸ் தனி.

அதே ஊர்ல, பல்கலைக்கழகத்துக்கு முன்னாடியே, வேற ஒருத்தர் இந்தக் கணக்கைத் தலைகீழா போட்டார். சுவாமி சகஜானந்தா. 1916-ல் நந்தனார் பேர்ல தலித் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். நன்கொடை திரட்டி, தங்கிப் படிக்க இடமும் சோறும் கொடுத்தார். ஃபீஸ் இல்லேன்னு சொன்னா மட்டும் ஏழைப் பிள்ளை வந்துடாது, ராத்திரி எங்க படுக்கும், என்ன சாப்பிடும்னும் யோசிக்கணும்ங்கிறது அவருக்குத் தெரிஞ்சிருந்தது. நந்தனார் பெண்கள் பள்ளி இன்னிக்கும் அரசுப் பள்ளியா நடக்குது.

அடுத்த கட்டம் 2013. நிதி நெருக்கடியில இருந்த பல்கலைக்கழகத்தை அரசு சட்டம் போட்டு எடுத்துக்கிச்சு. ஆனா அங்க இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில கட்டணம் இறங்கல. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வருஷம் 5.44 லட்சம்; மத்த அரசு கல்லூரிகள்ல 13,600 சொச்சம். 2020 டிசம்பர்ல மாணவர்கள் போராட்டத்துல இறங்கினாங்க. நடுவுல ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லியும் அசையல. ஐம்பது நாளுக்கு மேல ஆச்சு. 2021-ல் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியா மாறி, கட்டணமும் மத்த அரசு கல்லூரி அளவுக்கு இறங்குச்சு.

இதை எல்லாம் வரிசையா வச்சுப் பாத்தா ஒண்ணு புரியுது. "நம்மால முடியுமா"ங்கிற கேள்விக்கு ஒரு குடும்பம் தனியா உக்காந்து கூட்டிக் கழிச்சா பதில் பெரும்பாலும் "முடியாது"தான். பதில் மாறினது, பில்லுல ஒரு பங்கை வேற யாராவது ஏத்துக்கிட்டப்போ மட்டும்தான். மடமோ, அரசாங்கமோ.

அரசு பிற்படுத்தப்பட்டோர் விடுதியில சேர வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைஞ்சது 8 கி.மீ. தூரம் இருக்கணும், பொண்ணுங்களுக்கு அந்த விதி கிடையாது. 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்துல அரசுப் பள்ளியில படிச்ச மாணவிக்கு மாசம் 1000 ரூபாய். சித்தி பொண்ணு ஷீட்ல இந்த ரெண்டு வரியையும் சேர்த்ததுக்கு அப்புறம்தான் சிவப்புக் கட்டம் கறுப்பாச்சு :-)

பி.கு.: உங்க ஹாஸ்டல் காலத்துல டிவைடிங் சிஸ்டத்துல அதிகபட்சமா எவ்வளவு கட்டினீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.