பதிவில் இல்லாத அதிர்வு

நெல்லைச் சீமையின் நினைவில் வெள்ளத்துக்கு இடம் உண்டு. 1992 நவம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் வெள்ளம் என்று ஆண்டைச் சொன்னாலே போதும். குறுக்குத்துறை முருகன் கோயில் எதுவரைக்கும் முங்கியது, எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். தண்ணீர் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போகிறது. நில அதிர்வு அப்படி எதையும் விட்டுச் செல்வதில்லை. நாலைந்து நொடி, அதற்குள் முடிந்துவிடுகிறது. அதனால்தான் நம் பக்கத்து அதிர்வுகளுக்கு வரலாறே இல்லாமல் போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, நண்பகலை ஒட்டி அம்பாசமுத்திரம், பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், கல்லிடைக்குறிச்சி வட்டாரத்திலும் தென்காசிப் பக்கத்துச் சில ஊர்களிலும் பலர் அதிர்வை உணர்ந்தார்கள். செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் பதிவில் அப்படி எதுவும் இல்லை என்று மாவட்ட நிர்வாகம் விளக்கம் கொடுத்தது.

பிறகு அந்தப் பக்கம் போனபோதெல்லாம் இதைப் பற்றி விசாரித்தேன். "அடுக்குன பாத்திரம் கடகடன்னுச்சு, பூனை உருட்டுதுன்னு நெனச்சேன்" என்றார் ஒரு பெரியம்மை. "கல்குவாரியில வேட்டு போட்டிருப்பான் அண்ணாச்சி, இது என்ன புதுசா?" என்றார் டீக்கடைக்காரர். கட்டிலில் படுத்திருந்தவர்கள் உணர்ந்திருந்தார்கள், தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் உணரவில்லை. ஒரே வீட்டில் மாடியில் இருந்த பிள்ளை பயந்து ஓடிவந்திருக்கிறது. அடுக்களையில் நின்ற தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. சிறு அதிர்வுகளின் இயல்பு அதுதான். அசையாமல் இருப்பவருக்கும் உயரத்தில் இருப்பவருக்கும்தான் அவை முதலில் தெரியும்.

அப்படியானால் பதிவு ஏன் இல்லை? ஓர் அதிர்வின் இடத்தைக் கணிக்கக் குறைந்தது மூன்று நிலையங்களிலாவது அலை தெளிவாகப் பதிவாக வேண்டும். ரிக்டர் அளவில் ஒரு புள்ளி குறைந்தால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு குறைந்துவிடும். இரண்டு, இரண்டரை அளவுள்ள அதிர்வு, நிலையங்கள் தொலைவில் இருந்தால் மற்ற இரைச்சல்களில் கரைந்துவிடும். ஆனால் அது ஆழமில்லாமல் நிகழ்ந்தால், நேர் மேலே இருக்கும் ஊருக்கு நன்றாகவே கேட்கும். நம் பக்கத்துப் பாறை கெட்டியான பழம்பாறை. அதிர்வை அவ்வளவு எளிதில் விழுங்காது. குலுங்குவதற்கு முன்னால் 'டம்' என்று சத்தம் கேட்டதாகச் சொல்வது கற்பனை அல்ல. முதலில் வந்து சேரும் அலை தரையிலிருந்து காற்றுக்குத் தாவும்போது அப்படித்தான் ஒலிக்கும். ஆக, 'பதிவாகவில்லை' என்பது 'நடக்கவில்லை' என்று ஆகாது. நடந்தது என்பதற்கும் அது சான்று ஆகாது. குவாரி வெடியும் ஏறக்குறைய அதே மாதிரிதான் குலுக்கும்.

கருவி இல்லாத இடத்தில் மனிதர் சொல்லே ஆவணமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1897 ஜூன் 12 அசாம் பெருநிலநடுக்கத்தை ஆராய்ந்த ஆர். டி. ஓல்டாம், பல ஊர்களிலிருந்து வந்த நேரில் கண்டோர் குறிப்புகளைத் திரட்டித்தான் தன் பேரறிக்கையை எழுதினார். அதன் பின்னரே அலிப்பூர், கொலாபா, கொடைக்கானல் ஆகிய இடங்களில் மில்ன் கருவிகள் வந்தன. 1900 பிப்ரவரி 8 பின்னிரவில் கோயம்புத்தூர் நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியை எழுப்பிவிட்டது. அதன் அளவு ஆறு என்று இன்று சொல்கிறோமே, அதற்குப் பின்னாலும் எங்கே சுவர் விரிந்தது, எங்கே தூங்கியவர் விழித்தார் என்ற சாதாரண மனிதர்களின் சொற்கள் இருக்கின்றன.

நம் மேற்கு மலையின் மறுபக்கமும் அமைதியாக இருந்ததில்லை. 2000 டிசம்பர் 12 அன்று ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் ஐந்து அளவிலும், 2001 ஜனவரியில் அதற்குச் சற்றுக் குறைந்தும் நிலம் நடுங்கியது. அங்கிருந்து தெற்கே, கேரளத்திலிருந்து செங்கோட்டை, தென்காசி வழியாக அச்சன்கோவில் பிளவு மண்டலம் இறங்கி வருகிறது. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான தழும்பு அது. பழைய தழும்பென்பதால் ஆபத்து என்று பொருளில்லை. பாறை எங்கே நெகிழ்ந்து கொடுக்கும் என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

விளக்கம் இல்லாத இடத்தை வதந்தி நிரப்பிவிடும். 1998இல் அபிஷேகப்பட்டியில் நிலத்திலிருந்து உருகிய பாறை வெளிப்பட்டபோது எரிமலை என்றே பேச்சு எழுந்தது. ஆழத்திலிருந்து வந்த குழம்பு என்று ஒரு சாரார் எழுதினார்கள். உயர் அழுத்த மின்சாரம் கசிந்து மண்ணை உருக்கியது என்றனர் இன்னொரு சாரார். கூடங்குளம் விவாதத்தில் அந்தப் பாறையும் ஒரு வாதமாக நுழைந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அணையைப் பார்ப்பவர்களும் உண்டு: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. 1967 டிசம்பர் 11இல் மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நீர்த்தேக்கத்தை ஒட்டி ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சுமார் 180 பேர் இறந்ததால் அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. ஆனால் தண்ணீர் மட்டும் நிலத்தை நடுக்குவதில்லை. அழுத்தம் ஏறி, நழுவத் தயாராக இருக்கும் பிளவு ஒன்று அடியில் வேண்டும்.

குவாரிதான் இதில் அன்றாடப் பிரச்சினை. 2022 மே 14 இரவு அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் மாண்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. குவாரியை ஒட்டிய ஊர்களில் சுவரில் விரிசல் கண்டவர் மனு எழுதினால் அவரிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: ஆதாரம் எங்கே? வெடியால் வந்த விரிசல் என்பார் வீட்டுக்காரர், பூமி அதிர்ந்திருக்கும் என்பார் எதிர்த்தரப்பு. நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல ஒரு கருவி அருகில் இல்லையென்றால், இருவரில் வலியவர் சொல்வதே உண்மையாகிவிடும்.

தாமிரபரணிக் கரையில் நாலைந்து பள்ளிகளில் சிறு அதிர்வுமானிகள் வைப்பது பெரிய செலவில்லை. அதுவரைக்கும் நாமே எழுதி வைக்கலாம். மணி என்ன, எத்தனை நொடி, படுத்திருந்தோமா நின்றோமா, சத்தம் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா, அன்றைக்குக் குவாரியில் வேலை நடந்ததா. காலண்டர் தாளின் ஓரத்தில் பால் கணக்குக்குப் பக்கத்தில் குறித்து வைத்தாலும் போதும். பத்து வீட்டுக் குறிப்புகள் ஒத்துப்போனால் அதை வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. ஓல்டாம் கையில் இருந்ததும் ஏறக்குறைய அதுபோன்ற தாள்கள்தான்.