கோப்பின் குரல்: இங்கிலாந்துக் கால்பந்து மைதானங்களில் கூட்டப்பாட்டின் எழுச்சியும் தளர்ச்சியும் மீட்சியும்

1964 ஏப்ரல் 18 அன்று லிவர்பூல் அணி தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் ஆர்சனலை 5-0 என்று வென்று லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்த ஐந்து கோல்களையும் இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சிக்காக அன்று கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்தை அறுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். செய்தியாளர் ஒருவர் புல்தரையில் நின்று பேசுகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், தோளோடு தோள் உரச, ஒரே உடலாக அசைந்தபடி பீட்டில்ஸ் பாட்டைப் பாடுகிறார்கள். பாட்டுப் புத்தகம் கிடையாது, மேடையேறித் தாளம் காட்டுபவர் கிடையாது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே எடுக்க வேண்டும் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

அந்தக் கூட்டம் நின்ற இடத்தின் பெயர் கோப். இன்று இங்கிலாந்தின் பெரிய கிளப்புகள் மைதானம் களைகட்டவில்லை என்று கவலைப்பட்டு, பாடுகிறவர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்குகின்றன. கட்டடக் கலைஞர்களை வைத்துக் கூரையின் கோணத்தைக் கணக்கிடுகின்றன. கோப் என்ற அந்த இடத்தை மையமாக வைத்துக் கூட்டப்பாட்டின் வரலாற்றைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். என் துணிபு இது: பாட்டை எந்த கிளப்பும் உண்டாக்கியதில்லை. நின்று பார்க்க இடமும், கூட்டாளிகளோடு சேர்ந்து நிற்க வழியும், பதினாறு வயதுப் பையனால் கொடுக்க முடிந்த கட்டணமும் இருந்த இடத்தில் அது தானே முளைத்தது. அவை போனபோது வாடியது.

குன்றின் பெயர்

1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், ஸ்பியோன் கோப் என்ற குன்றைப் பிடிக்கப் போன பிரிட்டிஷ் படை, டச்சு வழிக் குடியேறிகளான போயர்களிடம் பேரிழப்போடு தோற்றது. மாண்டவர்களில் லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் பலர். 1906இல் ஆன்ஃபீல்டின் ஒரு முனையில், கோல் கம்பத்துக்குப் பின்னால், உயரமான சரிவு ஒன்று எழுப்பப்பட்டபோது உள்ளூர்ச் செய்தித்தாளின் விளையாட்டு ஆசிரியர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் அந்தக் குன்றின் பெயரையே அதற்கு முன்மொழிந்தார்.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒரு கணம் நிற்கலாம். அந்தப் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் உண்டு. ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அந்தப் படையில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். லிவர்பூல்காரர்கள் வாரந்தோறும் உச்சரிக்கும் அந்தப் பெயருக்குள் நம்மவர் தோளில் ஏறிய பாரமும் இருக்கிறது.

1928இல் கோப்புக்குக் கூரை போட்டார்கள். ஏறத்தாழ 30,000 பேர் ஒரே கூரையின் கீழ் நிற்கலாம் என்றானது. வானத்தில் கரைந்துகொண்டிருந்த ஒலி திரும்பி மைதானத்துக்குள் விழத் தொடங்கியது.

பாட்டு எங்கிருந்து வந்தது

கால்பந்துப் பாட்டு கோப்பில் பிறந்ததல்ல. நாரிச் நகரத்தின் பாட்டு, 1902இல் தொடங்கிய அந்த கிளப்பைவிட மூத்தது. 1927 முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு முன் ஒரு கிறித்தவத் துதிப்பாடலை அரங்கமே சேர்ந்து பாடுகிறது. ஆனால் அவை மாறாத பாட்டுகள். அந்தந்த வாரத்துக்குப் புதிய பாட்டு, அந்தந்த வீரருக்குத் தனிப் பாட்டு, எதிரணியைச் சீண்ட உடனுக்குடன் ஒரு பாட்டு என்ற வழக்கம் வேரூன்றியது 1960களில்தான்.

அதற்கு லிவர்பூல் ஏற்ற மண். துறைமுக நகரம், இசைத்தட்டு விற்பனையில் நாட்டையே ஆட்டிவைத்த நகரம். ஆட்டம் தொடங்கும் முன் அந்த வாரத்தின் முன்னணிப் பாட்டுகளை ஆன்ஃபீல்டின் ஒலிபெருக்கியில் போடுவார்கள். நல்ல இடம் பிடிக்கச் சீக்கிரமே வந்து நின்ற கோப், அவற்றோடு சேர்ந்து பாடும். 1945இல் நியூயார்க் மேடையேறிய ‘காரூசல்’ என்ற இசை நாடகத்தின் பாட்டு ஒன்றை, உள்ளூர்க் குழுவான ஜெரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் 1963இல் பாடி வெளியிட்டது. ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ என்ற அந்தப் பாட்டு நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. பட்டியலிலிருந்து அது இறங்கிய பிறகும் கோப் அதை விடவில்லை.

நம் வயல்களில் நடவு நேரத்தில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். கோப்பின் முறையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் எடுத்துக் கொடுப்பவர் இன்னார் என்ற ஏற்பாடு இல்லை. நடுவில் எங்கோ பத்துப் பேர் தொடங்குவார்கள். பிடித்தால் அக்கம்பக்கம் ஏற்கும். பிடிக்காவிட்டால் இரண்டாவது அடியிலேயே அடங்கிவிடும். ஆயிரம் முயற்சிகளில் ஒன்றிரண்டே நிலைத்தன. நிலைத்தவை நல்ல பாட்டுகளாக இருந்ததற்கு அந்தச் சல்லடையே காரணம் என்று நினைக்கிறேன்.

பயிற்சிக்கூடமும் ஒன்று இருந்தது. கோப்பின் மூலையில் வேலி போட்டு அடைத்த ‘பாய்ஸ் பென்’ என்ற சிறுவர் பகுதி. குரல் உடையாத பையன்கள் பெரியவர்களின் பாட்டைக் கீச்சுக் குரலில் திரும்பப் பாடுவார்கள். துணிந்தவர்கள் இரும்புச் சட்டங்களில் தொற்றி ஏறிக் கோப்புக்குள் குதித்துவிடுவார்கள். பாட்டு தலைமுறை தாண்டியது அந்த வேலியின் வழியாகத்தான்.

கூட்டம் ஓரிடத்தில் திரண்டு நிற்பதற்கு ஒலியியல் காரணமும் உண்டு. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் போகும். ஆடுகளத்தின் நீளம் நூறு மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு முனையில் எழும் சொல் மறுமுனைக்குச் சேர ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகும். துரிதமான பாட்டில் அது கிட்டத்தட்ட ஒரு தாள அடி. ஆகவே பாடுகிறவர்கள் அரங்கம் முழுவதும் சிதறி உட்கார்ந்தால் தாளம் தப்பும்; பாட்டு இரைச்சலாகி ஓயும்.

வேலியும் சாவும்

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பூசி மெழுகக்கூடாது. கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்குச் சத்தம் எழுப்பிய கேலரிகள் இங்கிலாந்தில் இருந்தன. கலவரம் வாராந்தர வழக்கமானது. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹைசல் அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இத்தாலியர்கள். கூட்டத்தை அடக்க வேண்டிய விலங்காகவே அரசும் கிளப்புகளும் பார்த்தன. கேலரிகளின் முன்னால் இரும்பு வேலிகள் எழுந்தன.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் அந்த வேலிகளில் நசுங்கி மாண்ட லிவர்பூல் ரசிகர்களின் எண்ணிக்கை இன்று 97. நெரிசலுக்கு முதன்மைக் காரணம் காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே என்று நீதிபதி டெய்லரின் விசாரணை அந்த ஆண்டே சொன்னது. ரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்றும், அது சட்டவிரோதமான உயிர்க்கொலை என்றும் ஜூரி தீர்ப்பளிக்க 2016 வரை குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது.

1990 ஜனவரியில் வெளியான டெய்லரின் இறுதி அறிக்கை இங்கே முக்கியமானது. நின்று பார்ப்பது தன்னளவில் ஆபத்தானதல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் இருக்கைகளே நல்ல வழி என்று பரிந்துரைத்தார். இருக்கை வந்தால் கட்டணம் எகிற வேண்டியதில்லை என்பதற்கு கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தை எடுத்துக்காட்டினார்: அங்கே இருக்கைக்கு 6 பவுண்டு, நிற்பதற்கு 4 பவுண்டு. அறிக்கையின் முதல் பாதியை எல்லோரும் நிறைவேற்றினார்கள். 6 பவுண்டு என்ற இரண்டாம் பாதியை யாரும் கண்டுகொள்ளவில்லை. இங்கிலாந்துக் கால்பந்தில் நேர்ந்த மிகப் பெரிய நம்பிக்கை மீறல் இதுவே என்று கருதுகிறேன்.

1994 ஏப்ரல் 30, கோப் நின்று பாடிய கடைசி நாள். நாரிச்சிடம் லிவர்பூல் 0-1 என்று தோற்றது. அதன்பின் எழுந்த புதிய கோப்பில் ஏறத்தாழ 12,400 இருக்கைகள். எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. முன்பு வாசலில் காசு கொடுத்து உள்ளே போய்க் கூட்டாளிகளோடு நிற்கலாம். இப்போது சீட்டில் எண் இருக்கிறது. பக்கத்து எண் யாருக்கோ போயிருக்கிறது. பருவச் சீட்டு வைத்திருப்பவர் அதை விடுவதில்லை. பையன்கள் காத்திருப்புப் பட்டியலிலேயே வளர்ந்து ஆளாகிறார்கள். பாய்ஸ் பென் வழியாக ஓடிய ஊற்றின் வாய் அடைபட்டது. 2000இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் அணித்தலைவர் ராய் கீன், தன் சொந்த மைதானத்தில் இறால் சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பவர்களுக்குக் கால்பந்து புரியுமா என்று வெளிப்படையாகவே கடிந்துகொண்டார்.

ஜெர்மனி காட்டிய வேறு வழி

அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் கிளப்புகள் நிற்குமிடங்களை முற்றாக ஒழிக்கவில்லை. டோர்ட்மண்டின் தெற்குக் கேலரியில் ஏறத்தாழ 25,000 பேர் இன்றும் நிற்கிறார்கள். படிக்குப் படி இடுப்பளவு கம்பித் தடுப்பு வைத்தால் பின்னாலிருப்பவர் முன்னாலிருப்பவர் மேல் சரிய முடியாது. தேவைப்பட்டால் இருக்கையை மடக்கலாம், விரிக்கலாம். பாதுகாப்பும் பாட்டும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தங்கள் குரலின் மதிப்பு அங்குள்ள ரசிகர்களுக்குத் தெரியும். 2012 இறுதியில், புதிய கட்டுப்பாடுகளைக் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து ஜெர்மனியின் மைதானங்களில் முதல் 12 நிமிடம் 12 விநாடி வாய் திறக்காமல் நின்றார்கள். பயிற்சியாளர்களின் கத்தலும் பந்தில் கால் படும் ஓசையும் மட்டும் கேட்டன. பிறகு ஒரே நொடியில் பாட்டு வெடித்தது.

அந்தக் குரலால் ஆட்டத்துக்கு என்ன ஆகிறது என்பதை 2002இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்தது. லிவர்பூலும் லெஸ்டரும் மோதிய ஆட்டத்திலிருந்து 47 மோதல்களை 40 நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் ஒலியோடு, மற்றவர்களுக்கு ஒலியில்லாமல். ஒலி கேட்டவர்கள் சொந்த அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 விழுக்காடு குறைவு. 2020இல் பெருந்தொற்று அரங்குகளைக் காலியாக்கியபோது, வந்த அணிக்கு எதிரான நடுவர் சாய்வு குறைந்ததைப் பல ஆய்வுகள் கண்டன.

பாட்டுப் பகுதிகள்

இங்கிலாந்தில் மீட்சி கீழிருந்து தொடங்கியது. 2005இல் கிரிஸ்டல் பேலஸ் ரசிகர்கள் ஹோம்ஸ்டேல் ஃபனடிக்ஸ் என்ற குழுவை அமைத்து, டிரம்மும் கொடியுமாக ஒரே மூலையில் திரண்டார்கள். மான்செஸ்டர் யுனைடெட் 2013 அக்டோபரில் ரியல் சோசிடாட் ஆட்டத்துக்குப் பாட்டுப் பகுதி ஒன்றைச் சோதனையாக ஒதுக்கியது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் செல்டிக் 2016இல் ஏறத்தாழ 3,000 பேர் நிற்கக் கம்பித் தடுப்பு இருக்கைகளைப் பொருத்தியது. 2019இல் திறந்த டாட்டன்ஹாம் அரங்கின் தெற்குக் கேலரி 17,500 பேரை ஒரே அடுக்கில் வைத்து, டோர்ட்மண்டை நினைவூட்டும்படி கட்டப்பட்டது. 2022 ஜனவரியில் செல்சி–லிவர்பூல் ஆட்டத்தில் இங்கிலாந்தின் உயர்மட்டக் கால்பந்தில் ரசிகர்கள் சட்டப்படி மீண்டும் நின்றார்கள்.

டிரம் வேண்டுமா வேண்டாமா, ஆடுகளத்துக்கு முதுகு காட்டி மெகாஃபோனில் பாட்டெடுக்கும் இத்தாலிய முறை நமக்கு ஒட்டுமா என்ற வாதங்கள் ரசிகர்களிடையே ஓயவில்லை. எனக்கு அவை இரண்டாம்பட்சம். அந்தப் பகுதி யாருடையது என்பதே கேள்வி. கிளப் ஒதுக்கிய இடத்தில் கூட்டாளிகள் சேர்ந்து நிற்க முடிந்தால் டிரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட்டு வரும்.

பாட்டு உண்மையில் எங்கே சமைகிறது என்பதற்கு லிவர்பூலிலேயே சான்று உண்டு. ஆட்டம் முடிந்த பின் நகரத்து அரங்குகளில் ‘பாஸ் நைட்’ என்ற ரசிகர் இசை இரவுகள் நடந்தன. மின்பணியாளராக வேலை பார்த்த ஜேமி வெப்ஸ்டர் கிதாரோடு அங்கே பாடுவார். 1985இல் வந்த இத்தாலியப் பாப் பாட்டு ஒன்றின் மெட்டு, ஐரோப்பிய கேலரிகள் பலவற்றைச் சுற்றி லிவர்பூல் ரசிகர்களின் காதில் விழுந்தது. அவர்கள் அதில் தங்கள் ஐரோப்பிய வெற்றிகளின் கதையைப் போட்டார்கள். 2018இல் ‘அல்லே அல்லே அல்லே’ என்று ஆன்ஃபீல்டு அதிர்ந்தது. எந்த விளம்பரக் குழுவும் அதை எழுதவில்லை.

அதே கோப் தன் குரலைத் தர மறுக்கவும் செய்கிறது. 2016 பிப்ரவரியில் 77 பவுண்டுச் சீட்டு அறிவிக்கப்பட்டபோது, சண்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னிலை. ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். 2017இல் ரசிகர் சங்கமான ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி நடத்திய வாக்கெடுப்பில் 88 விழுக்காட்டினர் பாதுகாப்பாக நின்று பார்க்கும் ஏற்பாட்டை ஆதரித்தார்கள். ஹில்ஸ்பரோவில் உறவுகளை இழந்த நகரம் எடுத்த முடிவு அது. 2021இல் கோப்பில் கம்பித் தடுப்பு இருக்கைகள் வந்தன.

கட்டணச் சண்டை மட்டும் தீரவில்லை. 2024 ஏப்ரல் 11 அன்று அட்டலாண்டாவுடனான ஐரோப்பா லீக் ஆட்டத்தில், சீட்டு விலை 2 விழுக்காடு உயர்ந்ததை எதிர்த்து ஸ்பியோன் கோப் 1906 என்ற ரசிகர் குழு தன் கொடிகளைக் கோப்புக்குக் கொண்டுவரவில்லை.